எட்டுப் பூ

ரத்தினம்: அந்த வரிய அடிச்சிடு. நல்லாவே இல்ல.

ஜகதா: என்னடி நன்னா இல்லே? "நமது சகோதரிகள் சங்கம் தோன்றிய வரலாறு யாதெனில்..."

ரத்தினம்: யாதெனில்! டீச்சரம்மா, மூணு மணிக்கு இத்த கேக்கப் போறது நாம எட்டு பேரு. இன்னிக்கு புதுசா சேரப்போற தாயாரம்மா ஒருத்தி. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் யாரும் வரல.

ஜகதா: வெர்னாக்காவுக்கு ஒரு பிரதி அமெரிக்காவுக்குப் போகப்போறது. மறந்துடாதே.

ரத்தினம்: அவங்களுக்குத் தமிழே தெரியாதே! ரெண்டு வருஷத்துல கத்துக்கினது மூணு வார்த்த. சோறு. போதும். போடி.

ஜகதா: "போடி"யை யார் கத்துக்குடுத்தாளாம்?

ரத்தினம்: நான்தான். அதுக்கு "வணக்கம்"னு அர்த்தம்னு சொன்னேன். போயி வார்டனம்மாவப் பாத்தே "போடி"ன்னு சொல்லிட்டாங்க.

ஜகதா: ஒரு வாரம் உனக்கு மத்தியான சாதம் கட்!

ரத்தினம்: உன் சோத்துல பாதிய ஒளிச்சி எடுத்தாந்து குடுத்தியே... அத்த எழுது. அதுதான் வரலாறு.

ஜகதா: அதை எழுதினா வார்டனுக்கும் ஒரு பிரதி அனுப்பணும். ஏய், தட்டுல கை வைக்காதே!

ரத்தினம்: ஒண்ணே ஒண்ணுடி. எவ்ளோ பூ பறிச்சி வெச்சிருக்க!

ஜகதா: அது தாயாரம்மா தலையில வைக்கறதுக்கு. உன் கையில பூவைக் குடுத்துட்டு யாராவது நிம்மதியா இருக்க முடியுமா? நேரா கொண்டைக்குப் போயிடும். ஹாஸ்டல்ல சுவாமி படத்துக்கு வெச்ச பூவையே எடுத்து சூடிண்டவ நீ.

ரத்தினம்: எனக்குத் தெரிஞ்சா செய்யறேன்? கை அதுபாட்டுக்குப் போவுது. பூவ கீழ போட்டா எங்கம்மா முதுகுல நாலு வெப்பாங்க. அப்படியே பழகிப்போச்சி.

ஜகதா: சரி, வேலையைப் பார்ப்போம். வெர்னாக்காவுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?

ரத்தினம்: ஆங். அவங்கதான ஆரம்பம்.

ஜகதா: "மெட்ராஸில் நாங்கள் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில், எங்களுக்கு உடற்பயிற்சியும் சுகாதாரமும் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார்..."

ரத்தினம்: கறுப்புன்னு எழுது.

ஜகதா: எழுதலாமா?

ரத்தினம்: அவங்களே சொல்லிக்கினாங்களே, பெருமையா! மொத நாளு ஹாஸ்டல் சமையக்காரி என்னா சொன்னா? "யாரோ நம்ம அரக்கோணத்துப் பொண்ணு கவுன் போட்டுகினு வந்திருக்குது"ன்னு.

ஜகதா: அப்புறம் அந்தப் பொண்ணு வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசினதும் கரண்டியைக் கீழே போட்டா.

ரத்தினம்: ராத்திரி சாப்பாடு ஆனதும் மாடியில உக்காத்தி வெச்சி கத சொல்லுவாங்களே, அத்த எழுது. அவங்க ஊர்ல, அவங்க படிச்ச காலேஜுல...

ஜகதா: "கறுப்பினப் பெண்கள் சிலர் கூடி ஒரு சகோதரி சங்கம் அமைத்தார்கள். அதற்குக் கிரேக்க எழுத்துக்களில் பெயர். படிப்பு முடிந்தாலும் சங்கம் முடியாது. எந்த ஊருக்கு வாழப் போனாலும், அந்த ஊரில் இருக்கும் பழைய மாணவிகளைத் தேடிப்பிடித்து ஒரு கிளை..."

ரத்தினம்: "சாவற வரைக்கும் அக்கா தங்கச்சி." அப்படித்தான் சொன்னாங்க. எனக்கு அப்ப சிரிப்பு வந்துச்சி. கூடப் பொறந்தவங்களே கல்யாணமானா மூஞ்சியப் பாக்கறதில்ல...

ஜகதா: எனக்கு சிரிப்பு வரலே.

ரத்தினம்: உனக்கு எப்படி வரும்? பதினோரு வயசுல வூட்டுக்காரர் போயி, அண்ணன் வூட்ல ஒரு மூலையில கெடந்து, எங்கயாவது தொலையட்டும்னு படிக்க அனுப்பிச்சாங்க. யாராவது "தங்கச்சி"ன்னு சொன்னா அழுதுடுவ. ...கோச்சிக்கினியா?

ஜகதா: இல்லே. ஊர்வலத்தையும் எழுதணும். வெர்னாக்காவோட பெரியம்மா நடந்தாளே...

ரத்தினம்: அது எதுக்கு?

ஜகதா: எதுக்கா? நீதானேடி அதைத் திரும்பத் திரும்ப சொல்லச் சொல்லிக் கேட்பே. பெண்களுக்கு ஓட்டு வேணும்னு ஊர்வலம். அதுல நடக்க இந்தப் பொண்ணுகளும் போனா. வெள்ளைக்காரப் பெண்கள் சில பேர், "நீங்கள்லாம் கடைசியில நடங்கோ"ன்னா...

ரத்தினம்: பொம்பளைங்களே சொன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

ஜகதா: அப்படியே எழுதிக்கட்டுமா? "பெண்களே சொன்னார்கள்."

ரத்தினம்: ...வேணாம். அவங்க சங்கதி அவங்களோட. நம்ம ஊருக்கு வா.

ஜகதா: அதுக்குள்ள வரணுமா? சரி. "சுதந்திரம் வந்த மறுவருஷம் திருத்தணியில், அந்த ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஐந்து பேர் கூடினோம்."

ரத்தினம்: மொத கூட்டம் முடிஞ்சி நீ வூட்டுக்குப் போனா, உங்கண்ணன் சேஷகிரி உன் மூட்டைய வாசல்ல வெச்சிட்டாரு. எழுது.

ஜகதா: அது சங்க வரலாறு இல்லே. என் வரலாறு.

ரத்தினம்: எல்லாம் ஒண்ணுதான். "கோயில் மடைப்பள்ளியில கைங்கரியம் பண்ற குடும்பம், கண்டவா வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தவளை உள்ளே விடமாட்டேன்." தெருவே கேட்டுது. எங்க வூட்டுக்காரர் வண்டி கட்டிகினு வந்து உன்னக் கூட்டிகினு போனாரு.

ஜகதா: ஆதிகேசவன் வண்டியில ஏத்தினார். உன் மாமியார்தான் இறக்கினா. "இங்கயே இரும்மா, எத்தினி நாளு வேணுமோ இரு"ன்னு பங்காரம்மா தனியா அடுப்பு மூட்டிக் குடுத்தா. அதை மறக்க மாட்டேன்.

ரத்தினம்: உனக்குக் குடுத்தாங்க.

ஜகதா: என்ன?

ரத்தினம்: உனக்குக் குடுத்தாங்கன்னேன். ஐயர் வூட்டுப் பொண்ணு நம்ம வூட்ல வந்து தங்கறதுன்னா எங்க மாமியாருக்கு ஊர்ல எவ்ளோ பெருமை தெரியுமா? மேல இருந்து எறங்கி வர்றவங்களுக்கு எடம் கெடைக்கும் ஜகதா. கீழ இருந்து ஏறி வர்றவங்களுக்கு...

ஜகதா: முடி.

ரத்தினம்: ஒண்ணுமில்ல. நீ எழுது.

ஜகதா: ஆடிக் கிருத்திகையை எழுதறேன். அந்தக் கூட்டத்துல தொலைஞ்சு போறவாளை நம்ம பந்தல்ல வெச்சுக் காப்பாத்தினது.

ரத்தினம்: நகரியிலேர்ந்து காவடியோட வந்த அந்தம்மா! "நான் தொலைஞ்சி போவல, என் புள்ளைங்க மூணு பேருதான் தொலைஞ்சி பூட்டானுங்க, புடிச்சாந்து குடுங்க"ன்னு நம்மள அதட்டிச்சே.

ஜகதா: தெலுங்குல அதட்டினா. நீ பதிலுக்குத் தெலுங்குல அதட்டினே.

ரத்தினம்: ராஜ்யம் பிரிச்சப்புறம் இப்ப நாமளே ஆந்திராதான? மெட்ராஸ்ல நம்மகூட படிச்சவளுங்க வெச்சிருக்கற சங்கத்துல கேக்கறாளுங்க, "வெளி ராஜ்யத்துக் கிளை எப்படி இருக்குது"ன்னு. கோடு போட்டவன் ஊரத்தான் தள்ளினான். சங்கத்தையுமா தள்ளினான்?

ஜகதா: இதை எழுதிக்கறேன். நன்னா இருக்கு... அடுத்தது விதிகள்.

ரத்தினம்: விதியெல்லாம் எதுக்கு? எல்லாருக்கும் தெரியும்.

ஜகதா: புதுசா வர்றவளுக்குத் தெரிய வேண்டாமா? ஒண்ணு, மாசத்துக்கு ஒரு வீட்டுல கூடணும், முறை வெச்சு. இன்னொண்ணு, வந்தவா கூடத்துல உட்கார்ந்துட்டுப் போகக்கூடாது. அடுப்பங்கரையில ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்.

ரத்தினம்: அத்த வெச்சது யாரு? நீதான். உங்கண்ணன் மேல இருந்த கோவத்துல வெச்ச.

ஜகதா: ஆமாம், கோபம்தான். அதனால என்ன? அப்புறம் பூ.

ரத்தினம்: ...ஆங். பூ.

ஜகதா: வெர்னாக்கா சொன்னாளே, அங்கே சில கிளப்புல வெள்ளைக் குண்டு கறுப்புக் குண்டு போட்டு ஆள் சேர்ப்பான்னு. கறுப்புன்னா வேண்டாம்.

ரத்தினம்: "கறுப்பப் போயி வேண்டாங்கறதுக்கு நான் வெப்பேனாடி?"ன்னு சிரிச்சாங்க. "உங்க ஊர்ல எது கெடைக்குதோ அத்த வெச்சிக்கோங்க." நீ நந்தியாவட்டையும் செவ்வரளியும் வெச்ச. வேணும்னா வெள்ள, வேணாம்னா செவப்பு. அப்பவும் ஜெயிச்சது வெள்ளதான். முருகனுக்கு உகந்த செவப்பப் போயி வேணாங்கறதுக்கு வெச்ச பாவி நீ.

ஜகதா: என் வாசல்ல அந்த ரெண்டு செடிதான் இருந்தது, என்ன பண்றது? "ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. ஒன்றைத் துணி மூடிய குடத்துக்குள் போட வேண்டும். மீந்ததை மூடிய கூடைக்குள் போட்டுவிட வேண்டும். குடத்தைத் தலைவி மட்டும் தனியே திறந்து பார்த்து முடிவைச் சொல்வாள். ஒரு சிவப்பு இருந்தாலும் சேர்க்கை இல்லை. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது."

ரத்தினம்: ஒத்த பூ போதும்.

ஜகதா: அன்னிக்கு அது நல்லதாத்தான் இருந்தது. அந்தப் பெரிய அதிகாரி சம்சாரம் சேர வந்தாளே. வந்த அன்னிக்கே தனக்குத் தனி நாற்காலி வேணும்னா.

ரத்தினம்: ஒத்த செவப்பு காப்பாத்திச்சி. நீயா போட்டே?

ஜகதா: கேட்கக்கூடாது.

ரத்தினம்: நான் போடல. நான் பயந்துகினு வெள்ள போட்டேன். அவ புருஷன் எங்க நெலத்துத் தகராறப் பாத்துகினு இருந்தாரு.

ஜகதா: அதையும் சொல்லக்கூடாதுடி! ...சரி, போன வாரம். ஜம்பகம் வீட்டுல தாயாரம்மாவுக்காகக் குடம் வெச்சது. என்ன எழுதறது?

ரத்தினம்: நீதான பாத்த? நீ மட்டும்தான உள்ள போயி தொறந்த.

ஜகதா: வெளில வந்து சொன்னேனே. எட்டும் வெள்ளை.

ரத்தினம்: எட்டுமா?

ஜகதா: எட்டும்.

ரத்தினம்: நல்லா பாத்தியா? ஜம்பகம் வூட்டு உள் ரூம்பு இருட்டு.

ஜகதா: வெள்ளையும் சிவப்பும் தெரியாத அளவு இருட்டா?

ரத்தினம்: ...ஜகதா, அத்த மட்டும் எழுதாத.

ஜகதா: எதை?

ரத்தினம்: "எட்டும் வெள்ளை"ன்னு. எழுதினா அது நெலைச்சிடும்.

ஜகதா: நிலைக்கத்தானே எழுதறது?

ரத்தினம்: சும்மா பேச்சுக்கு ஒண்ணு கேக்கறேன். ஒருத்தி... யாரோ ஒருத்தி செவப்பு போட்டிருந்தான்னு வெச்சிக்கோ. நீ அத்த மறைச்சிட்டு வந்து எட்டும் வெள்ளன்னு சொல்லிட்டேன்னு வெச்சிக்கோ. பேச்சுக்குத்தான்.

ஜகதா: பேச்சுக்கு. சரி.

ரத்தினம்: அவ போட்ட பூவுக்கு மதிப்பே இல்லியா? விதி வெச்சவளே அத்த மிதிச்சா, அப்புறம் சங்கம் எதுக்கு?

ஜகதா: நியாயம்தான்.

ரத்தினம்: நியாயம்தான்னா? சண்ட போடு. சும்மா தலையாட்டாத.

ஜகதா: பேச்சுக்குச் சொல்றதுக்கு எதுக்குடி சண்டை? நானும் பேச்சுக்கு ஒண்ணு கேட்கறேன். அவ எதுக்கு சிவப்பு போட்டிருப்பா? தாயாரம்மாவைப் பிடிக்காதா?

ரத்தினம்: புடிக்காம இல்ல. இந்த ஊர்ல தாயாரம்மா கை படாத பிரசவம் ஏது? நம்ம எட்டு பேர்ல பாதிப் பேரு புள்ளைய அவதான் எடுத்தா.

ஜகதா: அப்போ?

ரத்தினம்: என்னிக்காவது அவ வூட்டு மொற வரும் இல்ல? அந்த செவப்பு போட்டவ வூட்டு மொற. அவ வூட்ல மாமியாரு, ஓர்ப்படி, பங்காளின்னு பதினாறு கண்ணு இருக்கும். சேரியில பொறந்தவளைக் கூட்டியாந்து அடுப்பங்கரையில உக்கார வெச்சி, பக்கத்துல தானும் உக்காந்து... நெனச்சிப் பாரு. உன்னாட்டம் ஒண்டிக்கட்ட இல்ல எல்லாரும்.

ஜகதா: ஒண்டிக்கட்டை ஆனது அதனாலதானேடி.

ரத்தினம்: தெரியும்! அதனாலதான் உன்னாண்ட யாரும் சொல்ல முடியாது. எதச் சொன்னாலும் உன் மூட்டை முன்னாடி வந்து நிக்குது. நான் அவளுக்காகப் பேசல. அவ போட்டது தப்புதான். போட்டுட்டு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமில்லாம...

ஜகதா: உனக்கு எப்படித் தெரியும்?

ரத்தினம்: தூக்கம் வருமா? சொல்லு. உனக்கு வருமா?

ஜகதா: வராது. பேச்சுக்குச் சொல்றேன், சிவப்பை மறைச்சவளுக்கும் வந்திருக்காது. ரத்தினம், அவ குடத்துக்குள்ள போட்டது யாரோட மனசு? அவ மனசா, அவ மாமியார் மனசா?

ரத்தினம்: ரெண்டையும் பிரிக்க முடியுமா? கூட இருந்து பாரு, தெரியும். கொஞ்ச நாள்ல எது தன் குரலு, எது அவங்க குரலுன்னு நமக்கே தெரியாம பூடும். பயமும் அப்படித்தான். மொதல்ல கடன் வாங்கினாப்பல இருக்கும். அப்புறம் சொந்தமாயிடும்.

ஜகதா: இதை எழுதிக்க முடியாது. ஆனா நன்னா சொன்னே.

ரத்தினம்: கிண்டல் பண்ணாத.

ஜகதா: கிண்டல் இல்லேடி. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. தாயாரம்மாவுக்கு அக்காவா நிக்கப்போறது யாருன்னு எழுதணும். பூ வெச்சு, அடுத்த கூட்டத்துல முதல் கவளம் ஊட்டணுமே. உன் பேரைப் போட்டிருக்கேன்.

ரத்தினம்: என்னையா? எதுக்கு? ஜம்பகம் இருக்கா, பார்வதம் இருக்கா...

ஜகதா: அடுத்த மாசம் உங்காத்து முறை. அதனால.

ரத்தினம்: அதனாலதான் வேணாம்னு...

தாயாரம்மா: டீச்சர்... இருக்கீங்களா?

ஜகதா: யாரு? தாயாரம்மாவா! வா வா. ஏன் வாசல்லயே நிக்கறே? மணி பதினொண்ணுதானே ஆறது. மூணு மணிக்குன்னா உனக்கு அதுக்குள்ள அவசரமா?

தாயாரம்மா: இல்லிங்க டீச்சர். ராத்திரியெல்லாம் பிரசவ வேல. வண்டிக்கார பச்சையப்பன் சம்சாரத்துக்கு. இப்பதான் கொழந்த பொறந்துது. பொட்டப் புள்ள. அப்படியே வரேன், குளிக்கக்கூட இல்ல... ரத்தினம் அக்காவும் இருக்காங்களா? நல்லதாப் போச்சி. ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டுப் போயிடறேன்.

ரத்தினம்: என்னாத்த?

தாயாரம்மா: நான் சேரலிங்க.

ஜகதா: என்ன சொல்றே?

தாயாரம்மா: கோவிச்சிக்காதீங்க டீச்சர். யோசிச்சிதான் சொல்றேன். அடுத்த கூட்டம் ரத்தினம் அக்கா வூட்லன்னு பார்வதம் டீச்சர் சொன்னாங்க. அந்த வூடு எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சின்னவன் பொறந்தப்ப எத்தினி தடவ வந்திருக்கேன்... தோட்டத்துப் பக்கமா வந்து, தோட்டத்துப் பக்கமாவே போவேன். நான் போனப்புறம் பெரியம்மா வூட்டக் கழுவி விடுவாங்க.

ரத்தினம்: உனக்குத் தெரியுமா அது?

தாயாரம்மா: தண்ணி ஊத்தற சத்தம் தெருவுல போறப்ப கேக்கும்க்கா. அதுக்கென்னா, எல்லா வூட்லயும்தான் கேக்கும். அவங்க கெட்டவங்க இல்ல. நீங்க வலியில கத்தறப்ப, எம்மருமகளக் குடுத்துடுன்னு என் கையப் புடிச்சிகினு அழுதாங்க. அந்த நேரத்துக்கு அவங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அப்புறம் ஞாபகம் வந்துடுச்சி.

ஜகதா: தாயாரம்மா, எட்டு பேர் உன்னை...

தாயாரம்மா: அதுதாங்க டீச்சர்! அதுதான். நீங்க வந்து எட்டும் வெள்ளன்னு சொன்னீங்களே, நான் நம்பவே இல்ல. ஒரு செவப்பாவது விழும்னு எங்கம்மா சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன். மலைக்குக் கீழ நின்னு ஒரு பாட்டம் அழுதேன், சந்தோசத்துல. அந்த எட்டுல ரத்தினம் அக்காவோட பூவும் ஒண்ணு இல்லியா? அவ்ளோ கஷ்டத்த வூட்ல வெச்சிகினு எனக்காக வெள்ள போட்டாங்களே. அது போதுங்க எனக்கு. அவங்க வூட்டுக்குள்ள வந்து அவங்களுக்குச் சண்டைய உண்டாக்க மாட்டேன். சரிங்க, நான் வரட்டுங்களா?

ரத்தினம்: நில்லு.

தாயாரம்மா: அக்கா...

ரத்தினம்: போதும்னு நீ சொன்னா ஆயிடுச்சா? போதாது.

தாயாரம்மா: வேணாங்க்கா. பெரியம்மா கத்துவாங்க.

ரத்தினம்: கத்துவாங்க. ரெண்டு நாளு சாப்பிட மாட்டாங்க. எங்க ஓர்ப்படி தாய் வூட்டுக்குப் போறேன்னு பொட்டி கட்டுவா. கட்டட்டும். நீ முன்வாசல் வழியா வா. நான் வாசல்ல நிப்பேன்.

தாயாரம்மா: உங்க வூட்டுக்காரர்...

ரத்தினம்: அவரு ஒருக்கா ஒருத்திய வண்டியில ஏத்திகினு வந்தாரு. திரும்ப வண்டி கட்டச் சொல்றேன். அப்ப கட்டினவருக்கு இப்பக் கட்ட முடியாதா? முடியாதுன்னா, அதையும் நான் தெரிஞ்சிக்கணும் இல்ல?

தாயாரம்மா: எனக்குப் பயமா இருக்குதுங்க்கா.

ரத்தினம்: எனக்கும்தான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பயப்படலாம். மூணு மணிக்கு நான்தான் உனக்குப் பூ வெப்பேன். என் பேரத்தான் போட்டிருக்கா.

தாயாரம்மா: அக்கா... அழுவறீங்களா?

ரத்தினம்: ஜலதோஷம்.

ஜகதா: போன வாரத்துலேர்ந்து அவளுக்கு ஜலதோஷம். நீ போய்க் குளிச்சுட்டு நல்ல புடவையா கட்டிண்டு வா தாயாரம்மா. கொஞ்சம் தூங்கு.

தாயாரம்மா: தூக்கம் எங்க வரப்போவுது... சரிங்க டீச்சர். வரேங்க்கா. மூணு மணிக்கு.

ரத்தினம்: மூணு மணிக்கு. ...இந்தா, தாயாரம்மா! அந்த வண்டிக்காரன் பொண்ணுக்கு என்னா பேரு வெக்கறாங்களாம்?

தாயாரம்மா: இன்னும் வெக்கலிங்க்கா. ஏன்?

ரத்தினம்: ஒண்ணுமில்ல. சும்மா. போயிட்டு வா.

ஜகதா: போயிட்டா. மூஞ்சியைத் துடைச்சுக்கோ.

ரத்தினம்: அவ சிரிச்சிகினே சொல்றா பாரு. தண்ணி ஊத்தற சத்தம் தெருவுல கேக்கும்னு. நான் உள்ள படுத்துகினு அதே சத்தத்தக் கேட்டுகினுதான் இருந்தேன். வாயத் தொறக்கல.

ஜகதா: இப்போ திறந்தியே.

ரத்தினம்: ...வரலாற எழுதிட்டியா?

ஜகதா: அந்த ஒரு வரிதான் பாக்கி.

ரத்தினம்: "எட்டுப் பூ விழுந்தது"ன்னு எழுது. நெறத்த எழுதாத. "எட்டுப் பூ விழுந்தது. தாயாரம்மாள் எங்கள் தங்கை ஆனாள்."

ஜகதா: பொய் இல்லாத வரி. சரி, எழுதிட்டேன்.

ரத்தினம்: ஏன்னு கேக்கமாட்டியா?

ஜகதா: நான் கேட்கக்கூடாது. விதி.

ரத்தினம்: அப்ப நான் கேக்கறேன். பேச்சுக்கு இல்ல. அந்தக் குடத்துல செவப்பு இருந்துச்சா?

ஜகதா: இருந்தது. ஒண்ணு. இடுப்புல சொருகிண்டு வெளில வந்து பொய் சொன்னேன். அந்த ஊர்வலத்துல பின்னாடி நடன்னு சொன்னவாளோட நாமளும் சேர்ந்துடுவோமோன்னு பயம். மறுநாள் காலம்பற மலையேறிப் போய் அந்தச் செவ்வரளியை முருகன் சந்நிதியில வெச்சுட்டு, ரெண்டு பேரையும் மன்னிச்சுடுன்னேன்.

ரத்தினம்: ரெண்டு பேரா? போட்டது யாருன்னு உனக்குத் தெரியுமா?

ஜகதா: குடத்தைத் திறக்கறச்சே தெரியாதுடி, சத்தியமா. எல்லாரும் கிளம்பறச்சே நீ வாசல்ல குடையை எடுக்கக் குனிஞ்சே... வந்தப்போ உன் கொண்டையில வெறும் கனகாம்பரம். போறச்சே அதுக்கு நடுவுல ஒத்தை நந்தியாவட்டை. கூடைக்குள்ள போட வேண்டிய, மீந்த வெள்ளையைக் கீழே போட மனசு வராம தலையில வெச்சுண்டுட்டே. பூ வெச்சுக்காதவ கண்ணு அடுத்தவா தலையிலதானேடி இருக்கும்... எழுந்திரு, தட்டை எடு. இன்னிக்கு அக்கா ஆகப்போறவ நீ.